ரவி வர்மாவை ஆராய்வதற்கு முன்: கித்தானையும் அச்சுப்படத்தையும் பிரித்து வையுங்கள்

ராஜா ரவி வர்மாவின் ஓவியக் கலையைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுத விரும்புகிறீர்கள். ஆனால் "அவர் காலண்டர் படம் போட்டவர், வெள்ளைக்காரர் பாணியைப் பார்த்து வரைந்தவர், அவரிடம் ஆராய என்ன இருக்கிறது?" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதால் தயங்குகிறீர்கள். எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயங்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய ஓவியர்களில் இவ்வளவு ஆவணங்களோடு ஆராயக் கிடைப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் ஒரு வேலையை முதலில் முடித்துவிடுங்கள். "ரவி வர்மா படம்" என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று, அவரும் தம்பி ராஜ ராஜ வர்மாவும் கித்தானில் (கேன்வாஸ் துணியில்) எண்ணெய் வண்ணத்தால் தீட்டியவை. மற்றொன்று, பம்பாயிலும் பிறகு லோனாவ்லா அருகிலும் இயங்கிய அச்சகத்தில் கல்லச்சு முறையில் அடித்து விற்ற படங்கள். அவரைப் பழித்தவர்களில் பலர் அச்சுப்படத்தைப் பார்த்து ஓவியரைப் பழித்தார்கள். புகழ்ந்தவர்களில் பலரும் அச்சுப்படம் தந்த புகழை ஓவியத் திறமைக்குச் சான்றாக வைத்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்காத ஆய்வேடு எத்தனை பக்கம் போனாலும் பழைய சண்டையைத்தான் திரும்பச் சொல்லும்.

ஓவியரிடமிருந்தே தொடங்குகிறேன். 1848 ஏப்ரல் 29 அன்று கிளிமானூரில் பிறந்தவர். அவருக்கு முதலில் கைப்பழக்கம் கற்றுக்கொடுத்தவர் தாய்மாமன் ராஜ ராஜ வர்மா (தம்பிக்கும் அதே பெயர், குறிப்பெடுக்கும்போது கவனமாக இருங்கள்). அந்த மாமன் தஞ்சாவூர் முறையில் வரைந்தவர். சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் அரசவைக்கு வந்த மதுரை ஓவியர் அழகிரி நாயுடுவிடம் பயின்றவர் என்றும் சொல்லப்படுகிறது. 1862இல் சிறுவன் ரவி வர்மாவைத் திருவனந்தபுரத்துக்கு ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் அழைத்துப் போனவரும் இந்த மாமன்தான். அங்கே அரசவை ஓவியராக இருந்த இராமசாமி நாயக்கரும் மதுரைக்காரர். ரவி வர்மாவின் வேர் மேல்நாட்டில் இருப்பதாகப் பேசுபவர்கள் மதுரை, தஞ்சாவூர், திருவனந்தபுரம் என்ற இந்தப் பாதையைக் கண்டுகொள்வதே இல்லை.

வாழ்க்கை வரலாறுகளில் ஒரு கதை தவறாமல் வரும். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைச் சொல்லித்தர நாயக்கர் மறுத்தார், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் இரகசியமாக வந்து கற்றுக்கொடுத்தார் என்பது அது. 1868இல் திருவிதாங்கூர் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை, தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே விட்டாராம். உண்மையின் சாயல் இதில் இருக்கலாம். ஆனால் குரு மறுக்க மாணவன் தானே கற்று வெல்வது நம் மரபுக்கு ஏகலைவன் காலத்திலிருந்தே பிடித்த கதை. வரலாற்றாசிரியர்கள் ஒரு நாயகனை உருவாக்கும்போது இப்படிப்பட்ட கதைகள் தாமாக வந்து சேரும். ஆய்வேட்டில் அதை "சொல்லப்படுகிறது" என்ற அளவிலேயே நிறுத்துங்கள். உங்களுக்கு வேண்டிய சான்று கித்தானிலேயே இருக்கிறது.

தங்கத்தை அவர் எப்படித் தீட்டினார் என்று பாருங்கள். தஞ்சாவூர்ப் படத்தில் தங்கம் தங்கமாகவே ஒட்டப்படும். பலகையின் மேல் துணி, அதன் மேல் சுண்ணப் பூச்சு, நகை வரும் இடத்தை மேடாக்கி அதன் மேல் தங்க ரேக்கு, நடுவில் கண்ணாடிக் கல். விளக்கொளி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது மின்னும், ஏனென்றால் அது உண்மையிலேயே உலோகம். ரவி வர்மாவின் கித்தானில் ஒரு துளி தங்கமும் கிடையாது. காவி மஞ்சள், அதன் விளிம்பில் பழுப்பு, ஒளி படும் இடத்தில் கெட்டியாக வைத்த வெளிர் மஞ்சள் புள்ளி, இவ்வளவுதான். அருகில் போனால் வெறும் வண்ணத் திட்டு, நான்கடி தள்ளி நின்றால் அட்டிகை. ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இனி ஓவியரே முடிவு செய்கிறார். அந்த முடிவுக்கு முகம், தோள், புடவை மடிப்பு, பின்னாலுள்ள தூண் எல்லாம் கட்டுப்பட்டாக வேண்டும். மெதுவாக உலரும் எண்ணெய் வண்ணம் இதற்கு இடம் கொடுத்தது. தோலின் நிழலை ஒளியோடு குழைத்துக்கொண்டே போகலாம், விரும்பினால் மறுநாளும் தொடரலாம்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். நகையின் மேல் அவருக்கு இருந்த ஆசை முழுக்கத் தஞ்சாவூர் மரபின் ஆசை. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகக் காட்டாமல் அவருக்கு மனம் ஆறாது. அந்த ஆசையை நிறைவேற்றிய கருவி மட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே சதுர அங்குலத்தில் பார்க்கலாம். "இது கலப்பா, நகலா" என்ற கேள்விக்கு இந்த அளவுக்கு நெருங்கிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1873இல் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சியில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு, சுரபத் என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் ஓவியத்தோடு வந்தார். 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மகாராஜா அளித்த பரிசுகளில் அதுவும் ஒன்று. 1876இல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை. அதைச் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கினார், காளிதாசனின் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தம் நூலின் முகப்புப் படமாகச் சேர்த்துக்கொண்டார். அவருக்குப் புகழ் வந்த ஊர் சென்னை என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை.

சகுந்தலையின் இன்னொரு ஓவியம் எல்லோருக்கும் தெரியும்: காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் நின்று திரும்பிப் பார்ப்பாள். உங்கள் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கே ஒதுக்கலாம். காளிதாசனின் நாடகத்தில் அந்த நிமிடத்தை ஒரு ஆண்தான் விவரிக்கிறான். இரண்டாம் அங்கத்தில் துஷ்யந்தன் விதூஷகனிடம், தருப்பை காலில் குத்தியதாகச் சொல்லி அவள் சற்றுத் தூரத்தில் நின்றாள், மரத்தில் சிக்காத மரவுரியைச் சிக்கியதுபோல் விடுவித்துக்கொண்டு திரும்பினாள் என்று மகிழ்ந்துபோய்ச் சொல்கிறான். அவள் காதலுக்கு அது அவனுக்குக் கிடைத்த சான்று. ரவி வர்மா அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதைச் சொன்னவனைப் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டார். துஷ்யந்தன் அங்கே இல்லை. தோழியின் தோளைப் பிடித்தபடி, ஒரு காலைப் பின்னுக்கு மடித்து, உடல் ஒரு பக்கமும் பார்வை ஒரு பக்கமுமாக அவள் மட்டும் நிற்கிறாள். மற்றவர்கள் போகும் திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். சொல்லாத விருப்பத்தை ஒரு உடலின் திருகலில் காட்டிவிட முடியும் என்று கண்டுகொண்ட ஓவியர் அவர்.

அவருடைய சிறந்த கித்தான்களில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. கடிதம் எழுதுகிறவள், கடிதம் படித்தவள், அன்னம் சொல்வதைக் கேட்கும் தமயந்தி, வரப்போகிறவனை எதிர்பார்த்து நிற்பவள். செயலைவிடச் செயலுக்கு முந்திய கணமும் பிந்திய கணமும் அவரைக் கவர்ந்தன. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் உள்ள 'ஹம்ச தமயந்தி'யின் முன் நின்றால் இது உடனே பிடிபடும். கோயில் படிமம் நம்மை நேராகப் பார்க்கும், நாம் அதன் முன் நின்று கும்பிடுவோம். இந்தப் பெண்கள் நம்மைப் பார்ப்பதில்லை, அவர்களுக்கு வேறு நினைப்பு. கீதா கபூர் போன்ற ஆய்வாளர்கள் படிமத்துக்கும் கதைசொல்லலுக்கும் இடையே ரவி வர்மா சிக்கிக்கொண்டிருப்பதை இங்கிருந்துதான் பேசத் தொடங்குகிறார்கள். சிக்கல் என்று அவர்கள் சொல்லுமிடத்தில் எனக்குச் சாதனையே அதிகம் தெரிகிறது. ஆனாலும் அவர்களுடைய கேள்வி கூர்மையானது, நீங்கள் அதைத் தாண்டிப் போக முடியாது.

இனி அரசவைகள். 1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்த பிறகு திருவிதாங்கூரில் அவருக்குப் பழைய ஆதரவு இல்லை. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரில் திவானாக இருந்து பிறகு பரோடாவுக்குப் போன சர் டி. மாதவ ராவ் வழியாகப் புதிய வாசல் திறந்தது. பரோடா அரசவைக்காக வரைந்த பதினான்கு புராண ஓவியங்களும் 1890 வாக்கில் முடிந்தன. அந்தப் பணிக்காகச் சகோதரர்கள் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். இதிகாசப் பெண்களுக்கு எந்த உடை உடுத்துவது என்பது அப்போது நிஜமான கேள்வி. கேரளத்து முண்டு உடுத்தினால் மராட்டியர்களுக்கு அந்நியம், வடக்கத்திப் பாவாடை உடுத்தினால் தெற்கே அந்நியம். அவர் புடவையைத் தேர்ந்தெடுத்தார். இன்று தமிழ்நாட்டு வீட்டிலும் குஜராத் வீட்டிலும் சரஸ்வதிக்கு ஏறக்குறைய ஒரே உடை இருப்பதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

1889இல் வரைந்து இப்போது மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள இசைக்கலைஞர்களின் ஓவியத்தில் இதன் மறுபக்கம் தெரிகிறது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த பதினொரு பெண்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி உடை, நகை. இந்தியா என்ற கற்பனை அரசியல் மேடைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் அதை ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்த்த ஓவியம் இது என்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். எனக்கு இந்த ஓவியம் முழுமையாக வெற்றி பெறவில்லை என்றே படுகிறது. பார்வைகள் ஆளுக்கொரு பக்கம் சிதறுகின்றன, புகைப்பட நிலையத்தில் வரிசைப்படுத்தியதுபோல் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிதறலே ஆய்வுக்கு நல்ல பொருள். தனித்தனிப் பெண்ணைத் தீட்டுவதில் கைதேர்ந்தவர் ஒரு கூட்டத்தைக் கட்டுவதில் திணறும் இடம் இது.

இப்போது அச்சகம். உங்கள் ஓவியங்கள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், தேர்ந்தெடுத்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப் ஆக (எண்ணெய் ஓவியம்போல் தோன்றும் வண்ணக் கல்லச்சுப் படமாக) அச்சிடுங்கள் என்று யோசனை சொன்னவரும் மாதவ ராவ்தான். கடைசியில் ஐரோப்பாவுக்கு அனுப்பாமல், 1894இல் பம்பாய் கிர்காமில் ஜெர்மன் எந்திரங்களோடும் ஜெர்மன் வேலையாட்களோடும் ரவி வர்மாவே அச்சகம் தொடங்கினார். பிளேக் நோய் பம்பாயைக் கலைத்துப்போட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அது லோனாவ்லா அருகே மளவ்லிக்குப் போனது. கடன் ஏறியது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அங்கே வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு அதை விற்றுவிட்டார். நம் திரைப்படத்தின் முன்னோடி தாதாசாகேப் பால்கே இந்த அச்சகத்தில் வேலை செய்திருக்கிறார் என்பதைச் சினிமா பற்றி எழுதுபவர்களுக்குச் சொல்லுங்கள்.

கல்லச்சு எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் படங்களை மதிப்பிடக்கூடாது. ஒரு ஓவியத்தை எடுத்து அதிலுள்ள வண்ணங்களைப் பிரித்து ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சுண்ணாம்புக் கல். ஒவ்வொரு கல்லிலும் மெழுகுப் பென்சிலாலும் புள்ளிகளாலும் ஒரு கைவினைஞர் மறுபடி வரைவார். தாள் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கும்போது வண்ணம் வண்ணமாகப் படம் நிறையும். மேலே வார்னிஷ் பூசி, கித்தான்போல் தோன்றச் சொரசொரப்பும் ஏற்றுவார்கள். ஆகவே அச்சில் நீங்கள் பார்க்கும் கோடு ரவி வர்மாவின் கை போட்டதில்லை. கித்தானில் குழைந்து மறையும் கன்னத்து நிழல் இங்கே புள்ளிக் கூட்டம். விற்பனைக்குப் பிறகும் அச்சகம் அவர் பெயரிலேயே நடந்தது. எம். வி. துரந்தர் உட்பட வேறு ஓவியர்களின் படங்களும் அந்தப் பெயரைத் தாங்கியே வெளியாயின. பழைய வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தின் அடிப்பகுதியில் அச்சகத்தின் பெயரும் கார்லா–லோனாவ்லா என்ற ஊரும் இருந்தால், அதை வைத்து ஓவியர் யார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இந்த அச்சுப்படங்களின் மேல் ஜரிகையும் துணியும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்துச் சட்டம் போட்டிருப்பதைப் பார்க்கலாம். நகையைச் சாயத்தால் காட்டிய ஓவியரின் படத்துக்கு மீண்டும் உண்மையான ஜரிகை! தஞ்சாவூர்ப் பலகையின் ஆசை விட்டுப்போகவில்லை. மக்கள் அந்தப் பெண்களைத் திரும்பவும் நேர்முகமாகத் திருப்பி, சட்டத்துக்குள் வைத்து, கும்பிடத் தக்கவர்களாக ஆக்கிக்கொண்டார்கள். கிறிஸ்டோபர் பின்னி இந்த அச்சுப்படங்களை வாங்கியவர்களின் பக்கமிருந்து ஆராய்ந்தவர், அவருடைய வழி உங்களுக்கு உதவும். தமிழ்நாட்டில் அடுத்த கண்ணி கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகத் திரைகள் வரைந்து, பிறகு சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படங்கள் தீட்டிய கொண்டைய ராஜு (1898–1976) அந்த வழியில் வந்தவர். காலண்டர் ஓவியம் என்று இளக்காரமாகச் சொல்கிறார்களே, அதன் உழைப்பையும் வரலாற்றையும் எழுத ஒரு தனி ஆய்வேடே வேண்டும்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை தாங்கி, பிறகு கல்கத்தா போன ஈ. பி. ஹேவல், சகோதரி நிவேதிதா, கொழும்பில் பிறந்த தமிழர் ஆனந்த குமாரசுவாமி. மூவருக்கும் ரவி வர்மாவின் கலை இந்திய உணர்வற்றதாகத் தெரிந்தது. நாடகமேடைபோல் இருக்கிறது, கற்பனை இல்லை, தெய்வங்கள் சாதாரண மனிதர்களாகிவிட்டார்கள் என்பது குமாரசுவாமியின் குற்றச்சாட்டு. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட நேரம் அது. வங்க ஓவியர் அபனீந்திரநாத் தாகூரின் மென்மையான நீர்வண்ணங்களை தேசியக் கலையாக நிறுத்த, எதிரில் ஒரு தோற்ற கட்சி வேண்டியிருந்தது. 1906 அக்டோபர் 2 அன்று ரவி வர்மா இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை. கலை வரலாற்றாசிரியர்கள் பார்த்தா மித்தரும் தபதி குஹ-தாகுர்தாவும் இந்த மாற்றத்தைப் பத்திரிகைகளின் வழியே படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். அவரை இந்திய மறுமலர்ச்சியின் ஓவியராகக் கொண்டாடிய ராமானந்த சட்டர்ஜியின் இதழே சில காலத்தில் மறுபக்கம் சாய்ந்தது. குமாரசுவாமியின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர் ஒரு கொள்கையைக் காப்பாற்ற ஒரு ஓவியரைப் பலி கொடுத்தார் என்றே நினைக்கிறேன். நாடகத்தன்மை என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, சகோதரர்கள் பம்பாயில் விரும்பி நாடகம் பார்த்தவர்கள். நாடகத்தன்மை எப்படி ஒரு குறையாகிறது என்பதை மட்டும் அவர் நிறுவவில்லை.

வேறொரு கண்டனம் நம் காலத்தில் எழுந்தது. அது எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. வெளிர் நிறமும் மேல்சாதி உடலும் செல்வ வீட்டுச் சாயலும் தெய்வத்தின் முகமாகவும் "இந்தியப் பெண்"ணின் முகமாகவும் நிலைத்துப்போனதில் ரவி வர்மாவின் பங்கு என்ன என்பது அந்தக் கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பங்கு உண்டு, பெரிய பங்கு. ஆனால் இங்கும் கித்தானையும் அச்சையும் பிரித்துப் பாருங்கள். கித்தானில் பழுப்பு, மாநிறம், வெளிர் என்று வேறுபடும் தோல் நிறங்களுக்கு அச்சில் என்ன ஆனது என்று ஒப்பிட்டு எழுதுவதே ஒரு நல்ல அத்தியாயம்.

உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய புதையல் தம்பி ராஜ ராஜ வர்மா (1860–1905) எழுதிய நாட்குறிப்பு. ஆங்கிலத்தில் எழுதியது, 1895 முதல் 1904 வரையிலான காலத்தைத் தொடுவது. எர்வின் நாய்மாயரும் கிறிஸ்டினே ஷெல்பெர்கரும் பதிப்பித்து 2005இல் வெளியிட்டார்கள். வாடிக்கையாளர்கள், பயணம், யார் உட்கார்ந்து போஸ் கொடுத்தார், எந்தப் படத்தில் என்று எந்த வேலை நடந்தது எல்லாம் அதில் வருகின்றன. தனி மேதை என்ற படிமம் அந்தப் பக்கங்களில் கரைந்து, அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்திய ஒரு பட்டறை தெரிகிறது. நிலக்காட்சியில் தம்பிக்குத் தனி ஈடுபாடு. பின்னணிகளில் அவர் கை இருக்கிறது. சகோதரி மங்களாபாயும் ஓவியர், அவரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

நூலகத்துக்குப் போகும் முன் கித்தான்களுக்கு முன் போய் நில்லுங்கள் என்று எல்லா மாணவர்களிடமும் சொல்வேன். திருவனந்தபுரம், மைசூர், பரோடாவின் ஃபதேசிங் அருங்காட்சியகம், சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் என்று நான்கு இடங்களிலும் சேகரிப்பு இருக்கிறது. தொல்பொருள்களையும் கலைச் செல்வங்களையும் காக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவருடைய ஓவியங்கள் கலைச் செல்வங்கள், நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் முக்கியமானவை பெரும்பாலும் ரயில் பயணத் தூரத்திலேயே இருக்கின்றன. பிடித்த கருப்பொருளை அவர் திரும்பத் திரும்ப வரைந்தவர் என்பதால், ஒரே தலைப்பில் இரண்டு மூன்று கித்தான்கள் இருக்கும். கையெழுத்து, ஆண்டு, அளவு, யாரிடமிருந்து வந்தது என்ற நான்கையும் குறிக்காமல் எந்த ஓவியத்தைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அவர் பெயரில் போலிகளும் நிறைய உலவுகின்றன. பழைய கித்தான்களைச் சீர்செய்த அனுபவத்தோடு அவரைப் பற்றி எழுதிய ரூபிகா சாவ்லாவின் ஆய்வுகளை இதற்காகவே படியுங்கள். 1993இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஓவியர் ஏ. ராமச்சந்திரனும் அவரும் சேர்ந்து அமைத்த கண்காட்சிதான் ரவி வர்மா பற்றிய விவாதத்தைத் திரும்பவும் கிளப்பியது.

தலைப்பைச் சுருக்கச் சொன்னால் ஒன்று சொல்வேன். நாட்குறிப்பில் பெயரோடு வரும் கித்தான்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் உருவங்களையும் பின்னணியையும் தனித்தனியாக ஆராய்ந்து, இரண்டு கைகளையும் பிரித்தறிய முடிகிறதா என்று பாருங்கள். அதே படங்களின் அச்சுப் பிரதிகள் கிடைத்தால் மூன்றாவது கையாகக் கல்லில் வரைந்தவரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு முதுகலை ஆய்வேட்டின் காலத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது. தமிழில் இப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.